ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்த கடை

எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு கண்ணாடிகள். ஒன்று, பின்வாசல் ஜன்னல் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கும், அப்பா சவரம் செய்துகொள்ள. அதில் முகம் மட்டும் தெரியும். ரசம் போன மூலையில் அதுவும் சரியாகத் தெரியாது. இன்னொன்று அம்மாவின் பீரோக் கதவில் இருந்தது. இடுப்பு வரை காட்டும். கால் தெரிய வேண்டுமென்றால் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும், ஏறினால் தலை போய்விடும். ஜவுளிக்கடையில் பெரிய கண்ணாடி உண்டுதான். ஆனால் அங்கே அம்மா, சித்தி, கடை அண்ணாச்சி என்று நாலு பேர் சுற்றி நின்று தோளில் சேலையைப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாருடைய கண்ணும் சேலைமேல்தான். பதினேழு வயது வரை உச்சந்தலையிலிருந்து கால் பெருவிரல் வரை என்னை நானே ஒரே பார்வையில் பார்த்ததில்லை.

அக்கா கடையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். 1988-ம் வருஷம். கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. ஒடுங்கிய படி. ஏறும்போதே கீழேயிருந்து பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாடையும் மேலேயிருந்து புதுத்துணியின் கஞ்சி வாடையும் சேர்ந்து வரும். மேலே ஒரே ஒரு பெரிய அறை. ஜன்னலோரம் இரண்டு உஷா மெஷின், ஒரு மெரிட். நடுவில் துணி வெட்டும் மேசை. மேற்குச் சுவரில் அந்தக் கண்ணாடி. கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது ஏலத்துக்கு வந்த சாமானில் அக்கா அதை எடுத்தாளாம். தேக்குச் சட்டம், ஆளுயரம். அதைச் சந்துக்குள் கொண்டுவந்து படியில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது என்று கீழே சைக்கிள் கடை அண்ணாச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைப்பலகையில் பெயருக்குக் கீழே 'லேடீஸ் பொட்டிக்' என்று எழுதியிருக்கும். நாங்கள் பெட்டியைப் பொட்டி என்றுதானே சொல்வோம்? எதிர் வீட்டு ஆச்சி ஒருநாள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "பொட்டிக்கடைன்னு போட்டுருக்க, ஒரு வெத்தல பாக்குகூட வைக்கலயே தாயி" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா மறுநாளே ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி அதில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் போட்டு வைத்தாள். கடை இருந்தவரை அந்த ஜாடி காலியானதில்லை. அளவு கொடுக்க வரும் எல்லாருக்கும் ஒரு மிட்டாய் உண்டு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வயசுப்பிள்ளைகள் உடுத்துவதற்கு என்று ஒரு வரிசை இருந்தது. சின்னதில் பாவாடை சட்டை, பெரியவளானால் தாவணி, கல்யாணம் நிச்சயமானால் சேலை. இதற்கு நடுவில் வேறொன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. டெல்லி தூர்தர்ஷனுக்கு முன்பே எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளில் உயரமான கம்பங்களை நட்டு இலங்கையின் ரூபவாஹினி பார்த்தோம். 1982-ல் அது தொடங்கியதிலிருந்து, காற்று ஒத்துழைத்த நாட்களில் படம் நன்றாகவே விழும். கொடைக்கானல் கோபுரம் 1987-ல்தான் வந்தது. பெட்டியில் சுடிதாரைப் பார்த்தோம், ஆனால் அது வேறு யாரோ போட்டுக்கொள்வது என்றே நினைத்திருந்தோம்.

அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது பம்பாய்ப் பிள்ளைகள். தாராவியில் இருக்கும் தமிழர்களில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்துக்காரர்கள். எந்தக் கிராமத்தை எடுத்தாலும் தெருவுக்கு நாலு வீடு பம்பாயில் இருக்கும். மே மாத லீவுக்கும் கோயில் கொடைக்கும் அவர்கள் வருவார்கள். எங்கள் மாமா மகள் ஒருத்தி கிளிப்பச்சை நிறச் சுடிதாரில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருணிக் கரையில் போனதை இன்றும் மறக்க முடியாது. தாவணியை இடுப்பில் செருகி, பாவாடையைச் சக்கரத்தில் மாட்டாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்துச் சைக்கிள் ஓட்டியவளுக்குத்தான் தெரியும், அவள் இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு போனதில் என்ன இருந்தது என்று.

அக்காவும் பம்பாயிலிருந்து திரும்பியவள்தான். கல்யாணமாகித் தாராவிக்குப் போய், அங்கே எக்ஸ்போர்ட் துணி தைக்கும் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். அத்தான் இறந்தபிறகு கைக்குழந்தையோடு ஊர் திரும்பினாள். வெட்டுவதும் தைப்பதும் அங்கே படித்தது. ஆனால் அவள் கைக்கு வேறொரு பூர்வீகமும் உண்டு. அவளுடைய ஆச்சிக்கு இடையன்குடிப் பக்கம். கால்டுவெல் ஐயர் இருந்த ஊர். அவருடைய மனைவி எலைசா அங்கே பெண்களுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுத்தார். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் 1820-களிலேயே நாகர்கோவிலில் அந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர். தாயும் மகளுமாக இந்தத் தென்கோடியில் எத்தனையோ பெண்கள் கையில் கூலியை வைத்தார்கள். அக்காவின் ஆச்சி திண்டு ஒன்றை மடியில் வைத்து, அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளைக் கலகலவென்று மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார்களாம். அக்கா அதைப் பார்த்தே வளர்ந்தவள்.

கடையின் புகழ் அந்த லேஸில்தான் தொடங்கியது. வெளியூர் மெட்டீரியலில் ஜிகினாவும் சம்கியுமாக வரும் கழுத்துகளைப் பிய்த்து எறிந்துவிட்டு, வெறும் காட்டன் துணியில் கழுத்தைச் சுற்றி ஒரு விரல்கிடை வெள்ளை லேஸ் வைத்துத் தைத்தாள். அவ்வளவுதான். 1989 கிறிஸ்துமஸுக்கு மயில்நீல டாப்ஸில் அந்த லேஸ் கழுத்தோடு ஏழெட்டுப் பேர் ராத்திரி ஆராதனைக்குப் போனார்கள். வருஷப் பிறப்பு ஆராதனைக்குள் இருபது, முப்பது பேர் கேட்டு வந்துவிட்டார்கள். பொங்கலுக்கு டவுன் ரத வீதிப் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். அடுத்த தசராவுக்குச் சப்பரம் பார்க்க நின்ற கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை லேஸ் கழுத்து. மற்ற தையல்கடைகளும் வைக்க ஆரம்பித்தார்கள். "நம்மளப் பாத்துத்தான் தைக்காங்கன்னா நாம சரியாத்தான் தைக்கோம்" என்று அக்கா சந்தோஷப்பட்டாளே தவிர, யார்மேலும் கோபப்படவில்லை. அடுத்த சீசனுக்கு லேஸை விட்டுவிட்டு அதே துணியிலேயே பைப்பிங் வைக்கப் போய்விட்டாள். மற்றவர்கள் லேஸ் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பேண்ட் வெட்டுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதே வீண். இன்றைக்கு லெகிங்ஸ் போடும் பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ரப்பர்போல் இழுபடும் நூல் துணியில் கிடையாது, இருந்தாலும் கெண்டைக்காலைப் பிடித்தபடி பேண்ட் வேண்டும், உட்கார்ந்தால் முட்டியில் கிழியவும் கூடாது. அதற்குத் துணியைக் கோணலாக மடித்து, முதலில் ஒரு பை மாதிரித் தைத்துக்கொள்வாள். அந்தப் பையை மேசையில் விரித்தால் பாவும் ஊடும் சாய்ந்து கிடக்கும். கிராஸ் என்று சொல்வோம். அதன்மேல் சாக்பீஸால் கால் அளவை வரைந்து வெட்டினால், சாதாரணக் காட்டன்கூட இழுத்த இழுப்புக்கு வரும். நீளம் காலைவிட எட்டு அங்குலமாவது கூடுதலாக வைப்பாள். அந்தக் கூடுதல்தான் கணுக்காலுக்கு மேலே சுருங்கி, வளையல் அடுக்கியதுபோல் நிற்கும். இந்தியில் சூடி என்றால் வளையல், சுடிதார் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. சுருக்கத்தைக் கணக்குப் பண்ணத் தெரியாத தையல்காரர் தைத்தால் பைஜாமா மாதிரித் தொங்கும். அக்கா கத்தரியை ஓட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஓட்டி முடித்து மூச்சு விடும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அதன்பிறகுதான் நாங்களும் பேச ஆரம்பிப்போம்.

நாங்கள் என்றால், கல்லூரி விட்டு வரும் நாலைந்து பேர். ஒரு டாப்ஸுக்கு ஹெம்மிங் செய்து கொக்கி வைத்தால் இரண்டு ரூபாய் கொடுப்பாள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை. அதற்கு மேல் இருந்தால் வீட்டில் ஆள் அனுப்பிவிடுவார்கள்.

என் முதல் சுடிதாரின் கதைக்கு வருகிறேன். நான் நல்ல கறுப்பு. எங்கள் வீட்டில் எனக்குத் துணி எடுப்பதென்றால் ஒரே பேச்சுத்தான்: "இவ நெறத்துக்கு எடுக்காது." மஞ்சள் எடுக்காது, ரோஸ் எடுக்காது, வெள்ளை சுத்தமாக எடுக்காது. பழுப்பும் சாம்பலும் கரும்பச்சையுமாகவே வளர்ந்தேன். அன்றைக்கு அம்மா எனக்காகக் கொண்டுவந்திருந்ததும் ஒரு காப்பிக்கொட்டை நிறத் துணிதான். அக்கா அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து சாமந்திப்பூ மஞ்சளில் ஒரு துணியை எடுத்து என் தோளில் போட்டாள். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். "மயினி, நீங்க அந்தப் பெஞ்சுல செத்த உக்காருங்க. இங்க ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடி முன்னால நிக்கது யாரோ அவதான் மொதல்ல பேசணும்" என்றாள் அக்கா. என்னைக் கண்ணாடியின் முன் நிறுத்திவிட்டு நகர்ந்துகொண்டாள்.

நான் நின்றேன். கால், முட்டி, இடுப்பு, கழுத்து, முகம் எல்லாம் ஒரே ஆளுடையவையாக, ஒரே துண்டாக இருந்தன. மஞ்சளுக்கு மேலே என் கழுத்து பளபளவென்று தெரிந்தது. நான் இவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றேனோ. அக்கா மெஷினில் உட்கார்ந்து வேறு எதையோ தைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது வேணும்" என்றேன். "அப்பம் அதான்" என்றாள். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் மார்க்கெட்டில் ஒரு முழம் கூடுதலாகப் பூ வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் கண்ணாடி வழக்கத்தை அக்கா யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. குண்டான பிள்ளை, ஒல்லியான பிள்ளை, போலியோவில் ஒரு கால் சூம்பிய பிள்ளை, எல்லாருக்கும் அதே கண்ணாடி, அதே பேச்சு. ஒருத்தியின் உடம்பைப் பற்றி இன்னொருத்தி சொல்லும் பேச்சுக்கு அந்த மாடியில் இடம் கிடையாது. கால் சூம்பியவளுக்கு இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, சுருக்கம் இரண்டிலும் ஒன்றுபோல் விழும்படி வெட்டிக் கொடுத்தாள். அவள் படியிறங்கிப் போனபோது நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சந்து முனை வரைக்கும் தன் காலையே பார்த்துக்கொண்டு போனாள்.

1989-ல் நான் படித்த கல்லூரியில் சுடிதாருக்கு அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனைகளோடு. டாப்ஸ் முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். ஷாலை மடித்து இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். வாசலில் ஓர் ஆசிரியை நின்று சோதிப்பார். ஒருநாள் டவுன் பஸ் நெரிசலில் எனக்கு ஒரு பின் திறந்து தோளில் நீளமாகக் கீறிவிட்டது. ஷால் ஒரு பக்கம் சரிந்தபடியே வாசலில் இறங்கினேன். ரத்தம் டாப்ஸில் தெரிந்தது. அவர் பார்த்தது ஷாலை மட்டும்தான். எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு ஒரு தேர்வு. எழுத முடியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது எனக்கு ஆறவில்லை, ஆறிவிட்டதாகச் சொல்லவும் விரும்பவில்லை.

வீட்டுக்குப் போகாமல் அக்கா கடைக்குப் போனேன். டெட்டால் போட்டுவிட்டாள். ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள். அப்புறம் ரொம்ப நேரம் அந்த ஷாலையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "துணியப் பிடிச்சு வைக்க ஊசி எதுக்குட்டி? துணிய துணியே பிடிச்சுக்கிடும்லா" என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியில் நாலு அங்குலத்துக்கு ஒரு பட்டி தைத்தாள். ஒரு முனையைத் தோள் தையலில் கழுத்தோரமாகப் பிடித்தாள். மறுமுனையில் ஒரு டிக் பட்டன். ஷாலை உள்ளே விட்டுப் பட்டனை அமுக்கினால் அது எங்கேயும் போகாது. பேருந்திலிருந்து குதித்தாலும் போகாது. ஒரே மாதத்தில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தோளில் அந்தப் பட்டி வந்துவிட்டது.

என்னுடைய இந்த ஒரு நாளையும், எண்பது கிலோமீட்டர் தெற்கே நடந்த ஒரு பெரும் போராட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் போராட்டம் என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளும் உரிமைக்காக 1820-களிலிருந்து அடிபட்டார்கள். துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு அறிக்கை வெளியிட்டது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல் போடக்கூடாது. ஒரு காலத்தில் தோளில் ஏன் துணி போட்டாய் என்றார்கள், இன்னொரு காலத்தில் ஏன் சரிந்தது என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் தோளைப் பற்றிப் பேசுபவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவளிடம் கேட்டவர்கள்தான் குறைவு.

சரி, பாக்கெட்டுக்கு வருகிறேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்த ஒரு பிள்ளைக்கு நைட் டியூட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் பர்ஸ் போய்விட்டது. அவள் வந்து கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள், "எக்கா, உள்ள ஒரு பை வச்சுத் தருவீங்களா?" என்று. அக்கா, "ஏன், துட்டு ஆம்பிளைக கிட்ட மட்டுந்தான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு அப்போதே வெட்டினாள். வலது பக்கத் தையலில், சைடு ஓப்பனுக்கு மேலே, ஆறு அங்குல ஆழம். வாய் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். அப்போதுதான் நடக்கும்போது திறந்து காட்டாது. லைனிங் துணியில் அடிப்பை, ஓரம் இரட்டைத் தையல். வெளியே பார்த்தால் பாக்கெட் இருப்பதே தெரியாது. அதிலிருந்து எல்லாருக்கும் கேட்காமலே வைத்தாள். தையல்கூலியில் அதற்கென்று ஒரு பைசா கூட்டியதில்லை. ஹெம்மிங் செய்து வாங்கிய என் இரண்டு ரூபாய்த் தாள்கள் அதற்குள்தான் இருக்கும். பஸ்ஸில் நிற்கும்போது கையை உள்ளே விட்டு அவற்றைத் தொட்டுக்கொள்வேன். அதற்கு முன் என் துட்டு அம்மாவின் சுருக்குப் பையிலோ அப்பாவின் சட்டைப் பையிலோதான் இருந்திருக்கிறது.

1992 நவம்பர் 13-ம் தேதி தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கி, ஆற்றோரத் தெருக்கள் தண்ணீரில் நின்றன. கிறிஸ்துமஸ் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். அக்கா ஆர்டர் துணியை எல்லாம் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமிருந்த கட் பீஸ்களை எல்லாம் பாவாடையாகவும் ஜாக்கெட்டாகவும் தைத்து, வீடு போனவர்களுக்குக் கொடுத்தாள். நாங்களும் உட்கார்ந்து தைத்தோம். அந்த வருஷம் யாருக்கும் புது மாடல் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

2023 ஏப்ரலில் லண்டனில் மேரி குவான்ட் தன் 93-வது வயதில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படித்துக்கொண்டே போனேன். 1955-ல் கிங்ஸ் ரோட்டில் அவர் திறந்த பஜார் கடை. அதற்கு ஒன்பது வருஷம் கழித்து பார்பரா ஹுலானிக்கி திறந்த பீபா. என் மனசு பீபாவில்தான் நின்றது. 1964-ல் டெய்லி மிரர் நாளிதழில் அவர் வரைந்த இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட கவுன் ஒன்று தலைத்துணியோடு 25 ஷில்லிங்குக்கு விளம்பரமானது. தபாலில் கிட்டத்தட்ட 17,000 பேர் வாங்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஆபிங்டன் ரோட்டில், முன்பு மருந்துக்கடையாக இருந்த இடத்தில் கடையைத் திறந்தார். டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை. உள்ளே மங்கலான விளக்கு, பாட்டு, தொப்பி மாட்டும் மரத் தாங்கிகளில் தொங்கும் துணிகள். எல்லாரும் ஒன்றாக நின்று உடுத்திப் பார்க்கும் பொது அறை. வளர்ந்து வளர்ந்து 1973-ல் ஏழு மாடிக் கட்டடத்துக்குப் போனது, 1975-ல் மூடிவிட்டார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு அக்காவின் மாடிதான் ஞாபகம் வந்தது. வயசுப்பிள்ளைகள் தாங்களாகவே கூடிக்கொண்ட இடம் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் சொல்லியாக வேண்டும். பீபாவின் துணிகள் ஒல்லியான உடம்புக்கு வெட்டியவை. கைக்குழி இறுக்கம், கை ஒடுக்கம். அதற்குள் நுழைய முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பொது அறையில் தலைகுனிந்து நின்றிருப்பார்கள்! அக்கா கடையில் துணிதான் உடம்புக்கு வந்தது. யாரும் தன் உடம்பைத் துணிக்குள் அடைக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மாடி கட்டியவர்களைவிட எங்கள் அக்கா பெரியவள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்காவின் நல்ல காலம் 1996, 97 வரை ஓடியது. அப்புறம் ரெடிமேட் வந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை. நாங்கள் தையலுக்கு வாங்கியது மதுரா கோட்ஸ் நூல்கண்டு. அந்தக் கம்பெனியின் வேர்களில் ஒன்று எங்கள் பாபநாசத்துக்குக் கீழே, விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1885-ல் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பித் தொடங்கிய பஞ்சாலை. அதே கம்பெனிதான் 1989-ல் லூயி பிலிப், 1990-ல் வான் ஹூசன், 1993-ல் ஆலன் சோலி என்று தைத்த சட்டைகளை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. முதலில் ஆண்கள் தையல்கடைகள் காற்றாடின. பெண்களுக்கு ரெடிமேட் வந்துசேரக் கொஞ்ச காலம் ஆனது. முதலில் வந்தவை வெட்டாத மெட்டீரியல் செட்டுகள். அதனால் தையல்காரிக்கு வேலை இருந்தது. பிறகு அவையும் தைத்தே வந்தன. போத்திஸ், ஆரெம்கேவி போன்ற பெரிய கடைகளில் மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று அடுக்கி வைத்தார்கள். எடுத்தோமா, போட்டுப் பார்த்தோமா, பில் போட்டோமா என்று ஆகிவிட்டது.

ஆனால் நான் ரெடிமேட் மேல் மட்டும் பழி போட மாட்டேன். நாங்களும் போய்விட்டோம். ஒருத்தி கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு, ஒருத்தி வாத்தியார் வேலைக்குத் தென்காசிப் பக்கம், நான் மெட்ராஸுக்கு. எங்களுக்குப் பின் வந்த பிள்ளைகளுக்குச் சுடிதார் ஒரு புதினமே இல்லை, அது யூனிஃபார்மாகிவிட்டது. அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. சாக்பீஸ் கோடு மங்கித் தெரிய ஆரம்பித்ததும் தானாகவே நிறுத்திக்கொண்டாள். இன்னொருவருக்குத் துணியைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம். இரண்டு மெஷின்களை விற்றுவிட்டு மெரிட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

போன வைகாசியில் அக்காவைப் பார்க்கச் சமாதானபுரத்துக்குப் போனேன். மகள் வீட்டோடு இருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகத் தெரிகிறது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "ஏட்டி, மஞ்ச சுடிதாரு!" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம். கட்டிப்பிடித்தபடியே அவளுடைய வலது கை என் குர்தியின் பக்கத் தையலில் மேலும் கீழுமாகப் போய் வந்தது. எதையோ தேடுகிறாள் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"பாக்கெட்ட எங்கட்டி?"

"இது ரெடிமேடுக்கா. இதுல வைக்க மாட்டாங்க."

"எவ்வளவு குடுத்த?"

சொன்னேன்.

"இவ்வளவு துட்ட வாங்கிட்டுப் பாக்கெட்டு வைக்கலயா? கழட்டிக் குடு."

"எக்கா, இப்பதான் வந்திருக்கேன், செத்த பேசிட்டிருப்போம்."

"தைச்சுக்கிட்டே பேசுவோம். உள்ள என் நைட்டி கெடக்கு, எடுத்துப் போட்டுக்க."

உள்ளறைக்குப் போனேன். அந்தக் கண்ணாடி அங்கே இருந்தது. தேக்குச் சட்டத்தில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது, ரசம் ஓரங்களில் கறுத்திருந்தது. எதிரே பேத்தியின் பள்ளிக்கூடப் பையும் மடிக்காத துணிகளும். நைட்டியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். வெளியே மெரிட் ஓட ஆரம்பித்திருந்தது. கத்தரி ஓடும்போது பேச்சு நின்று, பிறகு மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆறு அங்குலம் போதுமாட்டி? இல்ல, போனு வைக்க எட்டு வேணுமா?" என்று அக்கா அங்கிருந்தே கேட்டாள்.

"எட்டு வைங்கக்கா" என்றேன்.